ஜமைக்கா மக்களின் கலப்பு மரபு: 'பலரிலிருந்து ஒரே மக்கள்' என்பதில் யார் அந்தப் பலர்?

சாத்தூர் விக்கெட்கீப்பர் எழுதியது:

சின்ன வயதிலிருந்து வெஸ்ட் இண்டீஸ் ஆட்டங்களைப் பார்த்து வருபவன் நான். டிரினிடாட், கயானா என்றால் ராமதின், கன்ஹாய், காளிச்சரண், சந்தர்பால், நரைன் என்று இந்தியப் பெயர்கள் வரிசையாக வரும். ஜமைக்கா என்றால் ஹோல்டிங், வால்ஷ், கெய்ல். அங்கேயும் நம் நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுபோனார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் என்ன ஆனார்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். 'பலரிலிருந்து ஒரே மக்கள்' என்பது அந்த நாட்டின் குறிக்கோள் வாசகம். அந்தப் பலர் யார் யார்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவசரமில்லை.

——

கிங்ஸ்டன் சேகர் எழுதியது:

வேலை நிமித்தம் சில வருடங்கள் கிங்ஸ்டனில் குடும்பத்தோடு இருந்தவன். முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன்.

1845 மே 10 அன்று ஓல்ட் ஹார்பர் பே என்ற கரையில் முதல் இந்தியத் தொகுதி இறங்கியது. அந்த நாளை இப்போது இந்திய மரபு நாளாகக் கொண்டாடுகிறார்கள். முதல் உலகப்போர்க் காலம் வரை வந்தவர்கள் மொத்தம் 36 ஆயிரத்துச் சொச்சம். கயானாவுக்குப் போனவர்கள் சுமார் 2.4 லட்சம், டிரினிடாடுக்கு சுமார் 1.44 லட்சம். உங்கள் கிரிக்கெட் கேள்விக்குப் பாதி விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, அவர்களை வைத்திருந்த விதத்தில் இருக்கிறது. கயானாவில் கடலோரம் நெடுக இந்தியக் கிராமங்களே உருவாயின. ஜமைக்காவில் கிளாரண்டன், வெஸ்ட்மோர்லாண்ட், செயின்ட் மேரி, போர்ட்லாண்ட் என்று கரும்பு, வாழைத் தோட்டங்களுக்குச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். வந்தவர்களில் பெண்கள் குறைவு. பள்ளிக்கூடம் என்றால் பாதிரிமார் நடத்தியதுதான். இந்து முறைத் திருமணத்தைச் சட்டம் நீண்ட காலம் ஏற்கவில்லை. பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த உத்தரப் பிரதேச, பீகார்க்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சிறு பகுதிதான். இப்படி இருந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் பேச்சு போய்விடும், பெயரும் போய்விடும். 2011 கணக்கெடுப்பில் தங்களை இந்திய வம்சாவளி என்று சொன்னவர்கள் 0.8 சதவீதம். கறுப்பினத்தவர் 92.1 சதவீதம், கலப்பினத்தவர் 6.1 சதவீதம்.

ஆனால் எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். கிங்ஸ்டன் சந்தையில் இலந்தைப்பழம் விற்கும். அதற்கு அங்கே 'கூலி பிளம்' என்று பெயர். 'கூலி' என்பது அங்கே இந்தியரை இழிவாகச் சொல்லும் சொல். அது பழத்தின் பெயராக இன்றும் கூடைக்காரம்மாவின் வாயில் வருகிறது. என் மனைவி முதன்முறை கேட்டபோது முகம் சுருங்கிப்போனது. விற்ற அம்மாவோ அன்பாக ஒரு கை அதிகமாக அள்ளிப் போட்டார்.

——

செங்கதிர் எழுதியது:

சேகர் சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 1845-ல் தொடங்கினால் கதையின் அடித்தளமே விட்டுப்போகும். நம் ஆட்களைத் தேடித்தான் நாம் எந்த நாட்டு வரலாற்றுக்குள்ளும் நுழைகிறோம். ஜமைக்காவுக்கு அது பொருந்தாது. அந்த நாடு ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய நாடு. மற்றவர்கள் எல்லோரும் அவர்கள் போட்ட தரையில் வந்து நின்றவர்கள்.

1494-ல் கொலம்பஸ் வந்தபோது அங்கே தைனோ மக்கள் இருந்தார்கள். ஸ்பானியர் ஆட்சியில் கட்டாய உழைப்பும் நோயும் சேர்ந்து அவர்களைக் கிட்டத்தட்ட அழித்தன. 1655-ல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். பிறகு கரும்பு. அதற்காக அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்களில் இன்றைய கானா பக்கத்து அகான் மக்களும் நைஜீரியா பக்கத்து இக்போ மக்களும் அதிகம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜமைக்கா கரும்புத் தோட்டத்தில் பிறப்பைவிட இறப்பு அதிகம். செத்தவர்களுக்குப் பதிலாகப் புது ஆட்களை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அதனால் 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் வரை ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வந்து சேர்ந்தார்கள். பாட்டும் கதையும் தாளமும் மருந்தறிவும் ஒவ்வொரு கப்பலிலும் மறுபடி வந்திறங்கின. அனான்சி என்ற தந்திரக்காரச் சிலந்தியின் கதைகள் அகான் நாட்டில் சொன்ன மாதிரியே ஜமைக்காவிலும் உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் கொடுமை நடந்ததால்தான் அந்த மரபு அறுபடவில்லை என்பதை எழுதவே மனம் கனக்கிறது.

இன்னொரு காரணம் சோறு. அடிமைகளுக்குச் சாப்பாடு போடும் செலவை மிச்சம் பிடிக்க, முதலாளிகள் மலைச்சரிவில் துண்டு நிலம் ஒதுக்கி நீயே விளைத்துச் சாப்பிடு என்றார்கள். அங்கே யாம் என்ற வள்ளிக்கிழங்கு வகைகளும் துவரையும் வாழையும் விளைந்தன. மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெண்கள் விற்றார்கள். இன்றைக்கும் ஜமைக்காவின் காய்கறி வியாபாரம் 'ஹிக்லர்' என்று அழைக்கப்படும் பெண்கள் கையில்தான் பெருமளவு இருக்கிறது. தோட்டக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத பொருளாதாரம் அது.

1834-ல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அந்தச் சின்னத் தீவில் சுமார் 3,11,000 அடிமைகள் இருந்தார்கள். முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான். பேரரசு முழுவதற்கும் 2 கோடி பவுன் நட்ட ஈடு கொடுத்தார்கள், உடைமையாளர்களுக்கு. உழைத்தவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. விடுதலையானவர்கள் கூலி உயர்த்திக் கேட்டார்கள். அதை முறியடிக்கத்தான் உங்கள் 1845 கப்பல் வந்தது, சாத்தூராரே.

——

சாத்தூர் விக்கெட்கீப்பர் எழுதியது:

செங்கதிர் தோழர், நன்றி. கூலி உயர்வை முறிக்கத்தான் இந்தியரைக் கொண்டுவந்தார்கள் என்றால், இரண்டு கூட்டத்துக்கும் ஆரம்பத்திலேயே பகை வந்திருக்க வேண்டுமே? பிறகு எப்படிக் கலந்தார்கள்?

——

மறைமலை எழுதியது:

கலந்ததற்குச் சாட்சி ஜமைக்காவில் பிறந்த ராஸ்தாஃபாரி சமயமே. சடைமுடி, கஞ்சா, சில்லம் என்ற புகைக்குழாய், புலால் மறுப்பு: எல்லாம் நம் சாதுக்களிடமிருந்து போனவை. ஜமைக்காக்காரர்கள் வெளியே ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

——

இசைப்பித்தன் எழுதியது:

மறைமலை ஐயா, பாதி உண்டு, பாதி இல்லை. பிரித்துப் பார்ப்போம்.

கஞ்சா இந்தியத் தொழிலாளர்களோடு போனது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். பெயரும் அதுவேதான், கஞ்சா. புகைக்கும் குழாயும் அப்படியே. 1913-ல் அரசு தடை செய்தது. சிறிய அளவு வைத்திருப்பது குற்றமல்ல என்று 2015-ல்தான் சட்டம் தளர்ந்தது. ராஸ்தாஃபாரியின் தொடக்க காலத் தலைவர் லெனார்ட் ஹவல் 1930-களில் வெளியிட்ட சிறுநூலில் தன் பெயரைக் கங்குங்குரு மராக் என்று போட்டுக்கொண்டார். மராக் என்பது மகாராஜ் என்ற பெயரின் ஜமைக்கா வடிவம். ஆகவே இந்திய உறவு கற்பனை அல்ல.

ஆனால் அந்தச் சமயத்தின் இதயம் எத்தியோப்பியா. 1930-ல் ஹைலே செலாசி அந்நாட்டுப் பேரரசராக முடிசூடியதும் பைபிள் தீர்க்கதரிசனம் நிறைவேறியது என்று ஹவல் போன்றவர்கள் பிரசங்கம் செய்தார்கள். அதற்குமுன் மார்கஸ் கார்வி, கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்ப வேண்டும் என்று சொல்லி நிலத்தை உழுது வைத்திருந்தார். 'ஜா' என்ற கடவுள் பெயர் ஆங்கில பைபிளின் சங்கீதத்தில் உள்ளது. சடைமுடிக்குச் சாதுக்களைச் சொல்பவர்களும் உண்டு, முடி வெட்டாத பைபிளின் நசரேய விரதத்தைச் சொல்பவர்களும் உண்டு, கென்யாவின் மாவ் மாவ் போராளிகளின் படங்களைச் சொல்பவர்களும் உண்டு. ஒரே ஊற்றிலிருந்து எடுத்தது என்று யாரும் பட்டா போட முடியாது. அவர்கள் எடுத்ததைத் தங்கள் விடுதலைக்காக எடுத்தார்கள், எடுத்ததை முழுக்கத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். நமக்கு மரியாதை வர வேண்டியது அந்த ஆற்றலின் மேல்.

இசைக்கும் அதே கதை. செயின்ட் தாமஸ் மாவட்டத்தில் 'குமினா' என்ற சடங்கு இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்தபின் ஒப்பந்தத் தொழிலாளராக வந்த மத்திய ஆப்பிரிக்க மக்கள் கொண்டுவந்தது. இரண்டு வகை மத்தளம்: ஒன்று அடித்தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், மற்றொன்று அதன்மேல் பேசும். மத்தளத்தின் மேல் குதிரையில் ஏறுவதுபோல் உட்கார்ந்து, குதிகாலைத் தோலில் அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்குவார்கள். இந்த மாதிரி ஆப்பிரிக்க மத்தள மரபுகளிலிருந்துதான் ராஸ்தாக்களின் நயபிங்கி மத்தளம் வளர்ந்தது. அதிலிருந்து ராஸ்தா மத்தளக் கலைஞர் கவுன்ட் ஆசியின் கைகள் வழியாகப் பதிவுக்கூடத்துக்கே தாளம் வந்துவிட்டது. அந்தப் பதிவுக்கூடத்தை நடத்தியவர் யார்? பல இடங்களில் சீன வம்சாவளி ஜமைக்காக்காரர். லெஸ்லி காங் அண்ணன் தம்பிகளோடு ஐஸ்கிரீம் கடையும் ரெக்கார்டு கடையும் சேர்த்து நடத்தியவர். 1962-ல் இளைஞர் பாப் மார்லியை முதன்முதலில் பதிவு செய்தவர் அவர்தான். அந்த மார்லியின் தந்தை வெள்ளையர், தாய் கறுப்பினத்தவர்.

——

ஸ்காபரோ வாணி எழுதியது:

நான் ரொறன்ரோவில இருக்கிறன். எங்கட பக்கத்து வீட்டு அம்மா ஜமைக்காவைச் சேர்ந்தவ. அவவின்ர தாயார் செத்தபோது நடந்த 'ஒன்பதாம் இரவு' நிகழ்வுக்கு எங்களையும் கூப்பிட்டவ. கலப்பு எண்டு நீங்கள் எழுதிறதை நான் அண்டைக்கு ஒரே மேசையில பார்த்தன்.

சாமான் வைக்கிற கராஜைத் துப்புரவாக்கிக் கதிரை போட்டிருந்தினம். ஒரு பக்கம் ஆம்பிளையள் டொமினோக் கட்டையை மேசையில ஓங்கி அடிச்சு விளையாடுகினம். இன்னொரு பக்கம் வயதான ஒரு அம்மா கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகத்திலயிருந்து ஒரு ஒரு வரியா வாசிக்கிறா. அவ வாசிச்ச உடன எல்லாரும் அந்த வரியை இழுத்து இழுத்துப் பாடுகினம். எழுத்து வாசிக்கத் தெரியாத காலத்தில தொடங்கின முறையாம். பாட்டு ஆங்கிலேயர், அமெரிக்கர் எழுதினது. ஆனால் பாடின விதத்தில, கை தட்டின விதத்தில ஆங்கிலேயர் ஒருத்தரும் இல்லை.

சாப்பாட்டைப் பாருங்கோ. பொரிச்ச மீன் மேல வினாகிரி, வெங்காயம், மிளகாய் ஊத்தி வைச்சிருந்தது, 'எஸ்கோவிச்'. அது ஸ்பானியர், யூதர் வழியா வந்த முறையாம். தடிச்ச வெள்ளைப் பாண் சீன பேக்கரிக்காரர் கொண்டுவந்தது எண்டு சொன்னா. கப்பைக்கிழங்கு மாவில சுட்ட 'பாமி' தைனோ மக்களின்ர சாப்பாடு. பெரிய சட்டியில ஆட்டுக்கறி, எங்கட ஆக்களின்ர கறித்தூள், ஆனால் அதுக்குள்ள தைம் இலையும் 'ஸ்கொட்ச் பொனெட்' மிளகாயும் பிமென்டோ எண்ட வாசனைச் சரக்கும். வெள்ளை ரம். இவ்வளவும் ஆருக்காக? செத்தவவின்ர ஆவி ஒன்பதாம் நாள் வீட்டை விட்டுப் போகுது எண்ட ஆப்பிரிக்க நம்பிக்கைக்காக. ஆவி திரும்பி வந்தா அடையாளம் தெரியக்கூடாது எண்டு அவவின்ர அறையில கட்டிலையும் அலுமாரியையும் இடம் மாத்தி வைச்சிருந்தினம்.

எங்கட எட்டுச்செலவு மாதிரி எண்டு நான் சொல்ல, அந்த அம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு எங்கட முறை முழுக்க விவரமாக் கேட்டா.

சாத்தூர்த் தம்பி, எப்பிடிக் கலந்தவை எண்டு கேட்டீங்கள். ஒரே தோட்டத்தில வேலை செய்த சனம், ஒரே லயத்துக்குப் பக்கத்தில இருந்த சனம். பகையும் இருந்திருக்கும், ஆனால் செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கேலாது.

——

கிங்ஸ்டன் சேகர் எழுதியது:

வாணி அக்கா, அருமை. அங்கே ஆட்டுக்கறி இல்லாமல் கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. சமைப்பவர்கள் பத்தில் ஒன்பது பேர் இந்திய வம்சாவளியே அல்ல.

மற்ற கூட்டங்களைப் பற்றி. 1854-ல் ஒப்பந்தத் தொழிலாளராக வந்த சீனர்களில் பலர் ஹக்கா மக்கள். கொஞ்ச காலத்திலேயே தோட்டத்தை விட்டு ஊருக்கு ஊர் மளிகைக் கடை போட்டார்கள். கடன் சொல்லிச் சாமான் வாங்கலாம், அரைக் கருவாடும் வாங்கலாம் என்பதால் கடை நிலைத்தது. யூதர்கள் அதற்கும் வெகு முன்பே, ஸ்பெயின், போர்ச்சுகல் மத விசாரணைக்குத் தப்பி வந்தவர்கள். கிங்ஸ்டன் டியூக் தெருவில் உள்ள அவர்கள் தொழுகைக்கூடத்தின் தரையில் இன்றும் மணல் பரப்பியிருக்கிறது. ஒளிந்து தொழுத காலத்தில் காலடி ஓசை வெளியே கேட்காமல் இருக்க மணல் போட்ட நினைவு என்று சொல்கிறார்கள். உள்ளே செருப்போடு நடந்தால் பாதத்துக்கடியில் மணல் நறநறக்கும். வெஸ்ட்மோர்லாண்டில் சீஃபோர்ட் டவுன் என்ற ஊரில் 1830-களில் குடியேற்றப்பட்ட ஜெர்மானியர் வழிவந்தவர்கள் உண்டு. லெபனான், சிரியா பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் துணி மூட்டை சுமந்து விற்க வந்தவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் வந்த எட்வர்ட் சியாகா, அரசியலுக்கு வருமுன் குமினா, ரிவைவல் சடங்கு இசையை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர். பின்னால் பிரதமரானார்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் 'ஜங்கனூ' வேடக்காரர்கள் தெருவில் வருவார்கள். மாட்டுத்தலை, குதிரைத்தலை, கந்தல் உடுத்த 'பிட்சி பாட்சி', பேய். ஆப்பிரிக்க முகமூடி ஆட்டமும் ஆங்கிலேயரின் வேடக்கூத்தும் பின்னிப்போன ஆட்டம். சில ஊர்களில் கையில் கோலோடு 'பாபு' என்ற இந்திய மாட்டுக்கார வேடமும் வரும்.

——

செங்கதிர் எழுதியது:

இந்தப் பட்டியல் அழகாகத்தான் இருக்கிறது. இங்கேதான் எனக்கு உறுத்தல். 1962-ல் விடுதலையோடு வந்த அந்தக் குறிக்கோள் வாசகம், எல்லாக் கூட்டமும் சம அளவில் கலந்து ஒன்றானதுபோல் காட்டுகிறது. மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆப்பிரிக்க வழியினர் என்னும்போது, கலப்பையே நாட்டின் முகம் என்று சொன்னால் பெரும்பான்மையின் முகம் மறைகிறது. ஜமைக்கா அறிஞர்களே இதைப் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள்.

கலப்பு என்பது அங்கே எப்படித் தொடங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. பெரும்பாலும் வெள்ளை முதலாளி அடிமைப்பெண் மேல் நடத்திய வன்முறையில். அந்தக் குழந்தைகளை எத்தனை பங்கு வெள்ளை என்று எண்ணித் தனித்தனிப் பெயர் வைத்து அடுக்கினார்கள். தோல் வெளுக்க வெளுக்க வேலையும் மரியாதையும் கூடியது. அந்த ஏணியின் மிச்சம் இன்றைய ஜமைக்காவில் தோலை வெளுக்க வைக்கும் கிரீம்களாக விற்கிறது. 1865 மொரான்ட் பே எழுச்சியைப் பாருங்கள். தலைமை தாங்கிய பால் போகல் கறுப்பினத்தவர். கூடவே தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் வில்லியம் கோர்டன் ஒரு தோட்ட முதலாளிக்கும் அடிமைப்பெண்ணுக்கும் பிறந்தவர், சட்டசபை உறுப்பினர். சொத்தும் பதவியும் இருந்தும் ஏழைக் கறுப்பின மக்கள் பக்கம் நின்றார். இருவரும் இன்று தேசிய வீரர்கள். நான் மதிக்கும் கலப்பு அது.

——

கிங்ஸ்டன் சேகர் எழுதியது:

செங்கதிர், அடித்தளம் ஆப்பிரிக்கா என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. வாசகத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்பதில்தான் மறுப்பு. 1918, 1938, 1965 ஆகிய ஆண்டுகளில் சீனக் கடைகள் தாக்கப்பட்டன. 1970-களில் சீன வம்சாவளியினர் பலர் நாட்டை விட்டே போனார்கள். இந்தியரைக் 'கூலி' என்று கூப்பிட்ட நாடு அது. சிறு கூட்டத்துக்கு, 'நீயும் இந்த நாட்டுக்காரன்' என்று அரசு முத்திரையிலேயே எழுதியிருப்பது வெறும் அலங்காரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரப் பெரியவர், பாட்டன் காலத்திலிருந்து அங்கே இருப்பவர், அந்த வாசகத்தைச் சட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருந்தார்.

விடுதலைக் குழுக்களிலும் எல்லாம் நேர்கோடாக இல்லை. மலைக்குத் தப்பிப்போன அடிமைகளான மரூன்கள் ஆங்கிலப் படையை எதிர்த்து நின்று 1739-ல் உடன்படிக்கை வாங்கினார்கள். பெருமைக்குரிய வெற்றி. ஆனால் அதே உடன்படிக்கையில், இனித் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. மரூன்களின் அக்கம்பாங் ஊரில் ஒவ்வொரு ஜனவரி 6 அன்றும் ஒரு பழைய மாமரத்தடியில் கூடி, அபெங் என்ற மாட்டுக்கொம்பை ஊதுகிறார்கள். மாமரம் நம் பக்கத்து மரம். 1782-ல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைப் பிடித்தபோது அதிலிருந்த கன்றுகள்தான் ஜமைக்காவுக்கு வந்த முதல் மா என்பார்கள். எண் ஒட்டி வந்ததால் 'நம்பர் 11' என்ற வகை இன்றும் அதே பெயரில் விற்கிறது.

——

நெசவுத்தறி எழுதியது:

நூல் வியாபாரத்தில் இருப்பவன். ஒரு தகவல் சேர்க்கிறேன். ஜமைக்காப் பெண்களின் தேசிய உடையைப் பாருங்கள்: சிவப்பும் வெள்ளையும் ஓடும் கட்டம் போட்ட பாவாடை, அதே துணியில் தலைக்கட்டு. அதற்கு அங்கே 'பந்தானா' என்று பெயர். மூலம் மெட்ராஸ் கட்டம்தான். சென்னையைச் சுற்றிய தறிகளில் நெய்த கைக்குட்டைத் துணி, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் போனது. ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்க விலையாகக் கொடுக்கும் பொருளாகவும் நம் பருத்தித் துணிகள் கைமாறின. அந்தக் கணக்கையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதே துணியைத்தான் ஜமைக்காச் சந்தைப் பெண்கள் தலையில் கட்டினார்கள். பேச்சு வழக்கில் கவிதை சொல்லி அந்த மொழிக்கு மேடையில் மதிப்பு வாங்கித் தந்த லூயிஸ் பென்னட் எங்கு போனாலும் இந்தத் துணியோடுதான் நின்றார்.

——

செங்கதிர் எழுதியது:

நெசவுத்தறி நண்பரே, இந்தத் தகவலுக்கு நன்றி. துணி கொடுத்து ஆளை வாங்கிய கணக்கை நம் ஊர்ப் பாடப்புத்தகத்திலும் எழுத வேண்டும். சேகர் சார், வாசகம் இருக்கட்டும். அதோடு ஆகஸ்ட் 1 விடுதலை நாளையும், நேனி என்ற மரூன் தலைவியையும் முதலில் சொல்லிவிட்டு மற்றவர்களைச் சொல்லட்டும் என்பதுதான் என் வாதம்.

——

சாத்தூர் விக்கெட்கீப்பர் எழுதியது:

கேட்டதற்கு மேல் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. வாணி அக்கா, ஒன்று மட்டும்: அவர்கள் ஆட்டுக்கறியில் தேங்காய்ப்பால் விடுவார்களா? வீட்டில் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

——

ஸ்காபரோ வாணி எழுதியது:

நான் பார்த்த வீட்டில விடேல்லை தம்பி. தேங்காய்ப்பால் சோத்துக்கு. அரிசியோட சிவப்புப் பயறு, நத்தார் காலமெண்டா பச்சைத் துவரை, தேங்காய்ப்பால், தைம் எல்லாம் சேர்த்து அவிப்பினம். கறிக்கு முதல் நாளே இறைச்சியைத் தூள், உள்ளி, தைம் போட்டு ஊற வையுங்கோ. அடுத்த நாள் எண்ணெயில கொஞ்சக் கறித்தூளைப் போட்டு நிறம் மாறும்வரை வறுத்து, பிறகு இறைச்சியைப் போட்டு மெல்லிய நெருப்பில விடுங்கோ. கடைசியில உருளைக்கிழங்கு. மிளகாயை முழுசாப் போட்டு, வெடிக்க முதல் எடுத்திடோணும்.